மீசை வரைந்த புத்தர்

தானா ராத்தா மலையூருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் முனீஸ்வரன் கோயிலில்தான் அந்த மனிதரைப் பார்த்தேன். நனைந்த மழைச்சட்டை, கக்கத்தில் கால்கள் கட்டிய சேவல். அடிக்காத கைப்பேசியை அடிக்கடி எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரில பொண்டாட்டிக்கு மூச்சு இழுக்குது சார். டாக்டர் கைய விரிச்சிட்டாருலா. பொழைக்கட்டும்னு காத்திருக்க முடியாது, சேவல முன்னாடியே குடுத்துர்றேன்னு முனிகிட்ட வேண்டிக்கிட்டேன்."

சிற்பக்கலைப் பாடம் நடத்துகிற என் வாய் சும்மா இருக்கவில்லை. முனி என்று அங்கே வைத்திருந்த வெண்கலச் சிலை ஏதோ ஈயச் சுரங்கத்தில் கிடைத்ததாம். அதற்கு மையால் மீசை வரைந்திருந்தார்கள். தலை உச்சியில் கொண்டை என்று நினைத்துப் பூச்சுற்றியிருந்தது உண்மையில் தீச்சுடர்.

"ஐயா, இது புத்தர். இந்தச் சுடர் நாகப்பட்டினத்து வேலைப்பாடு, கப்பல்ல வந்திருக்கும். இந்த மேலாடை மடிப்பு அதைவிடப் பழைய பாணி. காந்தாரத்துல கிரேக்கச் சிலைகளைப் பார்த்துச் செஞ்சாங்களே, அந்த வழியில வந்தது."

அவர் முகம் வெளிறிப்போனது.

"புத்தரு உயிர்ப்பலி வாங்க மாட்டாரே சார்!"

"வேண்டுதல் நம்ம மனசைப் பொறுத்தது..." என்று இழுத்தேன்.

"அதெல்லாம் வேணாம் சார். ரெண்டு பேர்ல யாரு சீக்கிரம் கேப்பாங்க? அத மட்டும் சொல்லுங்க."

எந்தச் சிலையிடமும் நான் எதையும் கேட்டதில்லை.

அப்போது கைப்பேசி நிஜமாகவே அடித்தது. திரையைப் பார்த்து "ஆஸ்பத்திரி" என்றார், எடுக்கவில்லை. சேவலின் கட்டை அவிழ்த்து, அதை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு சிலையையே பார்த்தார். அறுக்கவும் இல்லை, விடவும் இல்லை. கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது.