சம்பந்தி கொண்டுவந்த எண்ணெய்

என் பேரனுக்கு மூக்கடைத்தபோது அவனுக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த வயதில் வாயால் மூச்சு விட அவ்வளவாக வராது. பாலுக்கு வாய் வைப்பான், மூச்சு முட்டும், விட்டுவிட்டு அழுவான், அழுதால் மூக்கு இன்னும் அடைக்கும். ஒரு மனு தன்னைத்தானே தள்ளுபடி செய்துகொள்வதை நான் தாலுகா அலுவலகத்துக்கு வெளியே பார்த்தது அப்போதுதான்.

கடலூர் மஞ்சக்குப்பத்து டாக்டர் உப்புநீர்ச் சொட்டு மருந்தும், சளியை இழுக்க ஒரு ரப்பர் பல்பும் எழுதிக் கொடுத்தார். பால் கொடுக்கும் முன் சொட்டு விட வேண்டும். சளி இளகியதும் பல்பை மூக்கு நுனியில் மட்டும் வைத்து மெல்ல இழுக்க வேண்டும். எண்ணெய், கற்பூரம், தைலம் எதுவும் மூக்கின் பக்கமே வரக் கூடாது, நெஞ்சுக்குள் இறங்கிவிடும். பால் குடிக்காமல் மூச்சு வாங்கினால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே சிதம்பரத்திலிருந்து பஸ்ஸேறி பத்தரை மணிக்கெல்லாம் வந்துவிட்டார் சம்பந்தி, என் மகளுடைய மாமனார். கையில் ஒரு பழைய இருமல் மருந்து பாட்டில். அதில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய்.

"மூக்குக்கு ரெண்டு சொட்டு. எங்க வூட்டுப் புள்ளைங்க எல்லாம் இதுலதான் வளந்துச்சிங்க" என்றார்.

மகள் என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். "அப்பா, அந்த எண்ணெ கொழந்தகிட்ட வரக் கூடாது. மாமா மனசும் நோவக் கூடாது. அடுத்த மாசம் நான் அந்த வூட்டுக்குத்தான் போவணும்."

ஒரு மனுவை மறுப்பது கத்துக்குட்டி செய்கிற வேலை. மலர்ந்த முகத்தோடு வாங்கிக்கொண்டு நகராமல் பார்த்துக்கொள்வதுதான் நிர்வாகம். தாலுகா அலுவலகத்தில் என் உத்தியோகமே அதுவாகத்தான் இருந்தது.

"நல்ல வேளை கொண்டாந்தீங்க சம்பந்தி. இப்ப ராகுகாலம், முடிஞ்சதும் விட்டுடலாம்" என்றேன். அவரால் மறுக்க முடியவில்லை. நிச்சயதார்த்தத்தன்று ராகுகாலம் முடியும்வரை எங்கள் வாசலில் காரைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தவர் அவர்.

காபி வந்தது. மழைக்காலக் குளிரில் எண்ணெய் உறைந்து கிடந்தது. பாட்டிலை வெந்நீரில் வைத்தேன். உருகியதும் சூடு ஜாஸ்தி என்று வெளியே எடுத்து வைத்தேன். ஆறியதும் மறுபடி உறையப் பார்க்கிறது என்று வெந்நீரில் வைத்தேன். உள் அறையில் மகளும் என் மனைவியும் குழந்தையோடு இருந்தார்கள்; அழுகை ஓயவில்லை. நடுவே ச்சக், ச்சக் என்று ரப்பர் பல்பின் சத்தம்.

"என்னாங்க அது?"

"பல்லி."

"எந்தப் பக்கம்?"

"மேக்கால."

நல்ல திசைதான் போலிருக்கிறது; திருப்தியாகத் தலையாட்டினார். ஆனால் ராகுகாலம் என்னைப்போல் ஓய்வு பெற்றதல்ல, நேரத்துக்கு முடிந்துவிட்டது. பாட்டிலோடு எழுந்தார். குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. கைவசம் ஒரே ஒரு நடைமுறைதான் பாக்கி: வெள்ளோட்டம்.

"சம்பந்தி, சூடு பக்குவமா இருக்கான்னு மொதல்ல எனக்கு விட்டுப் பாருங்க. எனக்கும் மூக்கடைப்புதான்."

சாய்வு நாற்காலியில் என் தலையைப் பின்னால் சாய்த்து மூக்குக்கு ரெண்டு சொட்டு என்ற கணக்கையெல்லாம் மறந்து தாராளமாக விட்டார். கற்பூரம் மண்டைக்குள் ஏறி ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்த்தது. கண்ணில் தண்ணீர் கொட்ட, தும்மி, துண்டைத் தேடி, மறுபடி தும்மி நிமிர்ந்தபோது, வீடு அமைதியாக இருந்தது. அழுகை இல்லை. கொஞ்ச நேரத்தில் என் மனைவி கதவைத் திறந்து வந்தாள்.

"நல்லா பால் குடிச்சிட்டான். தூங்கறான், எழுப்பாதீங்க."

தூங்குகிற குழந்தையை எழுப்புவதில்லை என்பதில் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. சம்பந்தி பாட்டிலை மூடினார். "பாத்தீங்களா, வாசனைக்கே தெறந்துக்கிச்சி."

"ஆமாம் மாமா" என்றாள் பின்னாலேயே வந்த மகள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். என் துறைக்கு வந்திருந்தால் என்னைவிட மேலே போயிருப்பாள்.

கிளம்பும்போது பாட்டிலை என் கையில் வைத்தார். "நீங்களே வச்சிக்குங்க. கொழந்தைய விட ஒங்க மூக்குதான் ரொம்ப மோசம்."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் சிதம்பரத்திலிருந்து போன் வருகிறது. பேரனைப் பற்றி ஒரு வார்த்தை, என் மூக்கைப் பற்றிப் பத்து வார்த்தை. தங்கள் கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்ல வாய் வரை வரும். "விட்டுக்கிட்டேன் சம்பந்தி" என்று சொல்லி வைக்கிறேன்.