கடல் அட்டைக்குள் ஒரு முகம்

கண்ணாடித் தொட்டியின் அடியில் அந்தக் கடல் அட்டை கிடந்த கிடப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. முழங்கை நீளம், கருத்த தோல். கண்ணில்லை, மூளையில்லை. பின்புறத் துளையால்தான் அது மூச்சு விடும். துளை மெல்லத் திறக்கும், தண்ணீரை இழுக்கும், மூடும். ஆய்வுக்காக அந்தமானிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்திருந்த அதை எங்கள் ஆய்வகத்தில் பார்த்துக்கொண்டவர், இங்கேயே பிறந்து வளர்ந்த ரயில்வே தமிழ்க் குடும்பத்துப் பெண். மற்றவர்களுக்குத் தீதி, எனக்கு மட்டும் அக்கா.

கணவர் இறந்து, விடுப்பு முடிந்து அவர் திரும்பிய வாரத்தில்தான் அது தொடங்கியது. தொட்டியில் புதிதாக விட்ட சின்ன இறால்கள் காலையில் குறைந்திருந்தன. கடல் அட்டை மணலில் படிந்த கழிவைத் தின்னும், இறாலைப் பிடிக்காது. மூடி போட்டுப் பார்த்தோம், அப்போதும் குறைந்தன. ஒரு மாலை அக்கா என் தோளைப் பிடித்தார்.

"அதுக்குள்ள இருந்து ஒரு மூஞ்சி என்னைப் பார்த்துச்சு."

இயக்குநர் காதுக்கு இது போயிற்று. கனிவாகத்தான் பேசினார்: நீண்ட விடுப்பு, மனநல மருத்துவர், ஆய்வு வேறொருவருக்கு. அக்காவுக்கு மிஞ்சியிருந்ததோ அந்த வேலை ஒன்றுதான்.

"நீயாவது ஒரு தடவை என்கூட உக்காந்து பாரேன்" என்றார்.

இறால்கள் குறைவது இரவில்தான் என்பதால், மதியத்திலேயே ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மறைத்து இருட்டாக்கி, மங்கலான சிவப்பு விளக்கோடு உட்கார்ந்தோம். வெளியே பஸ்காரர் காளிகாட், காளிகாட் என்று கூவிக்கொண்டிருந்தார். துளை திறந்தது. மூடவில்லை. ஒரு தலை எட்டிப்பார்த்தது. பின்னாலேயே கண்ணாடி போன்ற உடல் நழுவி வந்தது. அதன் ஊடாக எதிர்ச்சுவர் தெரிந்தது. மெலிந்த மீன். ஓர் இறாலை விழுங்கிவிட்டு, வால்நுனியால் துளையைத் தடவித் தேடி, பின்பக்கமாகவே உள்ளே போயிற்று. அட்டை அசையக்கூட இல்லை.

"பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா."

அக்கா அழுதுவிட்டார். நான் கைப்பேசியில் எடுத்திருந்த காட்சியைப் பார்த்த இயக்குநர் விடுப்புப் பேச்சை அதோடு விட்டார். இப்படிக் குடியிருக்கும் மீன்களைப் பற்றி நாங்கள் எல்லோருமே படித்தவர்கள்தாம். துக்கத்திலிருக்கும் பெண் சொன்னாள் என்பதே எங்கள் கண்ணை மறைத்துவிட்டது.

கிளம்பும்போது அக்கா கேட்டார்: "இத்தனை நாளா உள்ள ஒண்ணு இருந்திருக்கே, அட்டைக்குத் தெரியுமா?"

"அதுக்கு மூளையே இல்லையேக்கா" என்றேன்.

அக்கா இப்போது லேக் கார்டன்ஸ் பக்கம் வீடெடுத்து நிம்மதியாக இருக்கிறார். அந்தக் கேள்வியை அவர் மறந்தே போனார். எனக்குத்தான், வயிற்றில் லேசாக ஏதாவது புரண்டால்கூட, செய்துகொண்டிருக்கும் வேலை அப்படியே நின்றுவிடுகிறது.