பலகைக்குச் சாட்சியான சொம்பு

என் கடை மேசையில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கிறது. அதைக் குலுக்கித்தான் டீச்சரம்மா என் பேரைக் காப்பாற்றினார். இப்படிச் சொன்னால் அவர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். ஆனாலும் காஞ்சிபுரத்தில் பழைய பைக் என்றால் என் கடைதான். இதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்? 'இந்த ஊரில் பழைய பைக்கின் சராசரி விலை நாற்பதாயிரம்தான். அதிகம் கொடுத்து ஏமாறாதீர்கள்' என்று வாசலில் பலகை வைத்தேன். மற்ற கடைக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. பலகை பொய், கழற்றாவிட்டால் சங்கத்தை விட்டு நீக்குவோம் என்றார்கள். பொய்யன் என்ற பேரோடு இங்கே ஒரு சைக்கிள்கூட விற்க முடியாது. "யார வேணா கூட்டிக்கினு வாங்கபா" என்றேன். கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் டீச்சரம்மாவை அழைத்து வந்தார்கள்.

பட்டுக்கடையில் நல்ல புடவையை முதலில் விரிப்பதுபோல, நான் சகாயமாக விற்ற வண்டிகளின் பில்களை எடுத்து வைத்தேன். அவர்களும் தங்களுக்குத் தோதான பில்களோடு வந்திருந்தார்கள். டீச்சரம்மா எதையும் தொடவில்லை. "நீங்க பொறுக்கிக் குடுத்தா அது சோதனை இல்லீங்க ஐயா. ஏலச்சீட்டுக்குக் குலுக்குவீங்களே, அப்படிக் குலுக்கலாம்" என்றார். எல்லாக் கடையிலும் அந்த வருடம் விற்ற வண்டிகளின் எண்களைச் சீட்டில் எழுதி இந்தச் சொம்பில் போட்டார். குலுக்கி எடுத்த சீட்டுகளில் வந்த வண்டிகளை வாங்கியவர்களை மட்டும், பக்கத்துக் கிராமமான கூரம் வரைக்கும் தேடிப் போய் விலை கேட்டார். கிளம்பும் முன்பே என்னிடம் சொல்லியிருந்தார்: "இப்போதைக்கு உங்க பலகை உண்மைன்னே வெச்சிக்கிறேன். நம்பவே முடியாத அளவுக்கு விலை நாற்பதாயிரத்த விட்டுத் தள்ளிப்போனாதான் கழட்டச் சொல்லுவேன்."

கூட்டி வகுத்தால் நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. சங்கத் தலைவருக்கு வாயெல்லாம் பல். "இன்னா அண்ணாத்தே, ஏணிய எடுத்தாரவா?"

"இருங்க" என்றார் டீச்சரம்மா. "பலகை உண்மையா இருந்தாலும், குலுக்குறப்போ இவ்ளோ வித்தியாசம் சாதாரணமா வரும். பொய்னு சொல்ல இது பத்தாது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "அப்ப உண்மைன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போம்மா."

"அதையும் சொல்ல மாட்டேன் ஐயா. பொய்னு காட்ட முடியல. அவ்ளோதான்."

பட்டுப்புடவை எடுத்துத் தருகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார், அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. என்னைப்போல் இன்னொரு பிடிவாதக்காரரை இந்த ஊரில் அன்றுதான் பார்த்தேன்.

இன்று அவர் இல்லை, பலகை இருக்கிறது. விலை ஏற ஏற, விசாரித்துப் பலகையில் எண்ணை மாற்றி எழுதுகிறேன். "எடுத்துடுப்பா, எவனாவது சண்டைக்கு வரப்போறான்" என்கிறான் மகன்.

சொம்பை அவன் பக்கம் நகர்த்துகிறேன்.

"வரட்டும். குலுக்கிட்டுப் பேசச் சொல்லு."