லிண்டாவின் அடோபோவும் என் ஒரு கரண்டி மஞ்சளும்

ஆனைமலையில் எங்கள் களத்தில் கொப்பரைக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த காலையில்தான் கோவையிலிருந்து கொழுந்தனின் போன் வந்தது. "அண்ணி, லிண்டா போயிட்டாளுங்க" என்றார். ஆறு மாத ஆஸ்பத்திரி அலைச்சலுக்குப் பிறகு எதிர்பார்த்த சேதிதான். ஆனாலும் தேங்காய்த் தண்ணீர் முழங்கை வழியாக வழிவதுகூடத் தெரியாமல் நின்றேன்.

லிண்டா என் ஓரகத்தி. பிலிப்பைன்ஸில் பிறந்தவள். துபாயில் நர்ஸாக இருந்தபோது என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். குழந்தைகளின் படிப்புக்காகச் சிங்காநல்லூருக்குக் குடிபோகும்வரை நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். நினைவு மலருக்காக அவளைப் பற்றி நாலு வார்த்தை எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். நடுவில் என்னைப் பற்றியும் ஒன்று வரும், அது நல்லதல்ல.

அவள் வந்த மாதமே மாமனார், "உங்க ஊருக் கறி ஒண்ணு ஆக்கு கண்ணு" என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களையும் கூப்பிட்டுவிட்டார். எங்கள் வீட்டில் பன்றிக்கறி என்றால் வெளியே கொட்டகை அடுப்பில்தான். கொழுப்போடு கூடிய பெரிய துண்டுகள், பூண்டு, முழு மிளகு, பிரிஞ்சி இலை, சோயா சாஸ், வினிகர், அவ்வளவுதான் போட்டாள். அடோபோ என்று பேர் சொன்னாள். மிளகாய் இல்லை, மல்லி இல்லை. கொதித்துப் புளிப்பு நெடி போகும்வரை மூடக் கூடாது, கரண்டி போடக் கூடாது, பிறகு சின்னத் தீயில் ஒன்றரை மணி நேரம் என்று பாதி பேச்சிலும் பாதி சைகையிலும் சொல்லிவிட்டுச் சேலை மாற்றப் போனாள்.

என் கை சும்மா இருக்கவில்லை. ஒரு கரண்டி மஞ்சள், இரண்டு கரண்டி மல்லித்தூள் போட்டு நன்றாகக் கிளறினேன். மூடியும் வைத்து, விறகையும் உள்ளே தள்ளித் தீயை ஏற்றிவிட்டேன். பாவம், வந்தவர்கள் முன்னால் அவள் மானம் போகக் கூடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீடே அவளைச் சுற்றிக்கொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. அதுதான் நிஜம்.

பந்தியில் யாராலும் வாயில் வைக்க முடியவில்லை. புளிப்பு மூக்கில் ஏறியது, கறி ரப்பர் மாதிரி இருந்தது. மாமனாரின் அக்கா இலையை மூடிவிட்டு, "சமையலுக்கு இவ ஆகமாட்டா" என்றார். லிண்டா சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தப்பு எனக்குங்க" என்று அப்போது தெரிந்த தமிழில் சொன்னாள். அன்றிலிருந்து எந்த நோம்பி, பண்டிகைக்கும் அவளை அடுப்பின் பக்கம் விடவில்லை. அவள் வெங்காயம் உரித்தாள், நான் சமைத்துப் பேர் வாங்கினேன்.

ஆனால் அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. கொப்பரைக் களத்தில் வீணாகப் போகும் தேங்காய்த் தண்ணீரை வடிகட்டி, சர்க்கரை போட்டு, ஜாடியில் புளிக்க வைத்து அவளே வினிகர் செய்தாள். வெண்பன்றிக் கறிக்கடையில், "ஏனுங்க, கொழுப்போட குடுங்க" என்று மல்லுக்கு நிற்பாள். "எல்லாரும் கொழுப்பு வேண்டாம்பாங்க, நீங்க ஒருத்தர்தானுங்க அம்மணி" என்று கடைக்காரர் சிரிப்பார்.

சில வருடம் கழித்து, வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் அடோபோ வைத்தாள். பழக்கத்தில் நான் கரண்டியை எடுக்க, என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்கக்கா. கறிக்கு வேகத் தெரியும்." வெந்த துண்டு விரல் பட்டதும் பிரிந்தது. நான் தட்டைத் தள்ளி வைத்தேன். அன்றைக்கு நான் செய்ததைச் சொல்லிவிட்டேன்.

"மஞ்ச வாசம் அன்னைக்கே தெரிஞ்சுதுங்கக்கா" என்றாள். "கறி நாளைக்கும் ஆக்கிக்கலாம். எனக்கு இந்த ஊட்ல ஒரு அக்கா வேணுமில்லீங்க?"

எல்லோரிடமும் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "இப்ப எதுக்குங்க, உடுங்க" என்றாள். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் வாயே திறக்கவில்லை. அது இரண்டாவது தப்பு, முதலாவதைவிடப் பெரியது.

பதினாறாம் நாள் அவள் படத்துக்கு முன் வைக்க நானே அடோபோ ஆக்கினேன். கொதித்து முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எல்லோரும் ரசித்துச் சாப்பிட்டார்கள். அப்போது மாமனாரின் அக்கா, "மொதத் தடவ லிண்டா இதையத்தானே கெடுத்துப்போட்டா" என்றார்.

"அவ கெடுக்கலீங்க. நாந்தானுங்க கெடுத்தேன்" என்றேன். மஞ்சள், மல்லி, மூடி, பொறாமை எல்லாவற்றையும் சொன்னேன். கொழுந்தன் தலை நிமிரவில்லை. மாமனாரின் அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டார். "இத்தன வருசமா அவ ஒரு வார்த்த சொல்லலியே" என்றார் மாமியார். பிறகு என்னைத் திட்டவில்லை. மெல்ல எழுந்து படத்தருகே போய், "மன்னிச்சுக்க கண்ணு" என்றார்.

லிண்டா, நீ எனக்குக் கொடுத்த அக்கா என்கிற பேருக்கு இனிமேலாவது தகுதியாக இருக்கப் பார்க்கிறேன். உன் வினிகர் ஜாடி என்னிடம்தான் இருக்கிறது. குறையக் குறையத் தேங்காய்த் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன். அடியில் இருப்பது நீ ஊற்றியது.