நான் சமப்படுத்திய கடல்

கல்யாண ஓலை வாசிக்கத் தொடங்கிவிட்டால் பெண் பூசைக்குத் தவிர தெருவில் தலைகாட்டக் கூடாது என்பது எங்கள் கோயில் பங்கில் வழக்கம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் முடிந்ததும் சாமியார் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் வாசிப்பார். இந்தக் கல்யாணத்துக்கு விக்கினம் ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்பார். மூன்று ஞாயிறு இப்படி வாசித்து யாரும் வாயைத் திறக்கவில்லை என்றால் தாலிதான். எனக்கு முதல் ஓலை வாசித்த அன்று மத்தியானமே அம்மா என் செருப்பை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டாள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, கணிதத்தில் பட்டம் வாங்கியிருந்தேன். செருப்பு போனதும் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

நாங்கள் சேலம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ரயில்வேயில் லெவல் எடுக்கும் வேலை. தண்டவாளம் போகிற நிலம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று முக்காலியில் தூரக்கண்ணாடியை வைத்து அளந்து எழுதுவார். ஸ்டேஷன்களில் மஞ்சள் பலகையின் அடியில் கடல் மட்டத்துக்கு மேலே இத்தனை அடி என்று போட்டிருப்பார்களே, அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு முகம் மலரும். எங்கள் வீட்டில் ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. சேலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான் கண்ணில் படும். ஆனால் கடல் மட்டம் என்ற ஒன்று எங்கோ அசையாமல் இருக்கிறது, அதை நம்பித்தான் எல்லா ரயிலும் ஓடுகிறது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அந்தக் கடல் ஐப்பசி மழையில் ஒரு பார்சலாக எங்கள் வீட்டுக்கு வந்தது. கடற்கரை ஊர் ஒன்றில் கடலை ஆராய்ந்துகொண்டிருந்த பேராசிரியர் ஒருவருக்கு, கணக்கில் கைசுத்தமான ஆள் தேவைப்பட்டது. என் கல்லூரி ஆசிரியை என் பெயரைச் சொல்லியிருந்தார். துறைமுகத்தில் கிணறு மாதிரி ஒரு குழாயை இறக்கி, அதற்குள் ஒரு மிதவை போட்டிருப்பார்கள். நீர் ஏறினால் மிதவை ஏறும். மேலே சுழலும் உருளையில் சுற்றிய தாளில் பேனா கோடு போட்டுக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட தாள்கள் பங்குனியில் தொடங்கி ஐப்பசித் தொடக்கம்வரை கட்டுக்கட்டாக வந்தன. ஒவ்வொரு மணிக்கும் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளவுகோல் வைத்துப் படித்துப் பட்டியல் எழுத வேண்டும். பட்டியல் நன்றாக இருந்தால் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்த்துக்கொள்வதாக எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

பின்கட்டு அறையில் சன்னலோரம் மேஜையைப் போட்டு இரண்டு மாதம் உட்கார்ந்தேன். நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும் அந்தக் கோடு எனக்கு மனப்பாடமாகிவிட்டது. மாதச் சராசரி போட்டுப் பார்த்தபோதுதான் இடித்தது. பங்குனியைவிட வைகாசி உயரம், அதைவிட ஆவணி, அதைவிடப் புரட்டாசி. கடைசித் தாளுக்கு வரும்போது கடல் ஒரு சாணுக்கு மேல் ஏறியிருந்தது. நான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று பயந்து ஒரு மாதம் முழுவதையும் திரும்பப் படித்தேன். அதே எண்தான் வந்தது.

அப்பாவிடம் கேட்டேன். அவர் பட்டியலை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கடலு ஏறுமா சாமி? அதுதான நமக்குப் பூஜ்யம். பேனா கொஞ்சங் கொஞ்சமா நழுவியிருக்கும். எங்க ஆபீசுல செய்யறாப்பல பங்கிட்டுக் குடுத்துரு" என்றார்.

லெவல் எடுப்பவர்கள் ஒரு கல்லில் தொடங்கி ஊரெல்லாம் அளந்துவிட்டு அதே கல்லுக்குத் திரும்பி வருவார்கள். திரும்பி வரும்போது கணக்கு பூஜ்யமாக வர வேண்டும். சில அங்குலம் இடித்தால், அந்தப் பிழையை நடுவில் நின்ற இடங்களுக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டுக் கழித்துவிடுவார்கள். அது ஏமாற்று வேலை இல்லை, அவர்கள் தொழிலில் அதுதான் முறை. நானும் அப்படியே செய்தேன். அந்த ஒரு சாணை எட்டு மாதத்துக்கும் பங்கிட்டு, ஒவ்வொரு மணிக்கும் உரியதைக் கழித்தேன். கடல் பாயை விரித்தாற்போலச் சமமாகப் படுத்துக்கொண்டது. கறுப்பு மையில் அழகாகப் பிரதி எடுத்து, தாள்களோடு சேர்த்து அனுப்பினேன். பேராசிரியருடைய கருவியின் பழுதைக்கூடச் சரிசெய்து கொடுத்துவிட்டோம் என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

அதற்குள் ராசிபுரத்தில் நெய்க்கடை வைத்திருந்தவர்கள் மூத்த மகனுக்கு என்னைக் கேட்டு வந்தார்கள். தவசு காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர்வரை கல்யாணம் கிடையாது. அவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டோம் என்றார்கள். நான் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன். அம்மா அழுதாள். கடைசியில் அப்பா ஒரு வழி சொன்னார். ஓலை வாசிக்க ஆரம்பிக்கட்டும், மூன்றாவது ஓலைக்குள் பேராசிரியர் கூப்பிட்டுக் கடிதம் எழுதினால் கல்யாணத்தை நிறுத்திவிடலாம், இல்லாவிட்டால் வீம்பு பிடிக்காமல் நான் கழுத்தை நீட்ட வேண்டும். நான் சம்மதித்தேன். என் பட்டியலின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

முதல் ஓலைக்கும் இரண்டாவதற்கும் நடுவில் வீடு சுருங்கிவிட்டது. பின்கட்டு மேஜை போய் அந்த இடத்தில் பித்தளைப் பாத்திரங்கள் அடுக்கப்பட்டன. வாசலுக்குப் போனால் அம்மா கூப்பிடுவாள், கொல்லைக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள். உள்ளே நின்றால் தையல்காரர் அளவெடுத்த ரவிக்கைகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்ட வேண்டும். தபால்காரர் மணிச் சத்தம் கேட்டால் சன்னலுக்கு ஓடுவேன். மூச்சு முட்டுகிறது என்று சொன்னேன். அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தாள். இரண்டாவது ஓலை வாசித்தபோது கோயிலில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து, விக்கினம் எனக்குத்தான் தெரியும், எழுந்து சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

மூன்றாவது ஓலைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. அப்பா வேலைக்குப் போகவில்லை. நான் பிரித்துப் படிக்கிறவரை எதிரே நின்றார். பேராசிரியர் கோபமாக எழுதவில்லை, அதுதான் கொடுமை. தாளில் இருப்பது ஒன்று, என் பட்டியலில் இருப்பது வேறொன்று என்று எழுதியிருந்தார். இந்தக் கரையில் கடல் வெயில் தொடங்கும்போது தாழ்ந்து ஐப்பசி மழைக்காலத்தில் உயரும். காற்று திசை மாறுவதும், நீரோட்டம் கரையை ஒட்டித் தண்ணீரைத் தள்ளுவதும், ஆறுகள் கொண்டுவந்து கொட்டுவதும் சேர்ந்து அதைத் தூக்குகின்றன. உலகம் சூடேறினால் வருஷத்துக்கு வருஷம் கடல் ஏறுகிறதா என்று தெரிய வேண்டுமானால், முதலில் ஒரு வருஷத்துக்குள் அது ஆடும் ஆட்டம் தெரிய வேண்டும். அவர் தேடியது அந்த ஒரு சாணைத்தான். அதை நான் துடைத்துவிட்டேன். ஆனாலும் கை சுத்தமாக இருக்கிறது, தாள்களைத் திரும்ப அனுப்புகிறேன், கண்டதைக் கண்டபடி எழுதி அனுப்புங்கள், ஜூன்வரை இடத்தை வைத்திருப்பேன் என்று முடித்திருந்தார்.

கடிதத்தை அப்பாவிடம் நீட்டினேன். அவர் நிதானமாக இரண்டு முறை படித்தார். பங்கிட்டுக் கொடு என்று சொன்னது தானே என்பது அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டார்.

"தப்பு என்னுது சாமி. கூப்புட்டுத்தான எழுதியிருக்காரு. நான் போயி சாமியாரப் பார்த்து மூணாவது ஓலைய நிறுத்தச் சொல்லிப்போட்டு வாரேன். ராசிபுரத்துக்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

இவ்வளவு நாள் எதற்காகப் பட்டினி கிடந்தேனோ அந்தக் கதவைத் திறந்துவிட்டு அவர் நின்றார். எனக்கோ அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. கடலையே பார்க்காத இரண்டு பேர் சேர்ந்து கடலைத் திருத்தி அனுப்பியதைப் படித்து அந்த ஊரில் எல்லாரும் சிரித்திருப்பார்கள், அவர்கள் முகத்தில் போய் எப்படி விழிப்பது என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. அப்பாவைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

"வேண்டாங்கப்பா. வாசிக்கட்டும்" என்றேன்.

அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு அதையே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வாசித்தார்கள். தாள்கள் வந்தபோது நான் ராசிபுரத்தில் இருந்தேன். அப்பா அவற்றைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியதாக அம்மா சொன்னாள்.

கெட்ட வாழ்க்கை என்று சொல்ல மாட்டேன், என் கணவர் நல்லவர். ஆனால் நெய் வாசம் ஏறிய அந்த வீட்டில் எனக்கு எப்போதெல்லாம் மூச்சு முட்டியதோ அப்போதெல்லாம் ஒரு கதை சொல்வேன். படிக்கப் போகவிருந்தவளை அப்பா தடுத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார் என்பது அந்தக் கதை. முதலில் நாத்தனாரிடம் சொன்னேன், பிறகு கணவரிடம். பிள்ளைகள் அதைக் கேட்டே வளர்ந்தார்கள். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து எல்லாரும் வேளாங்கண்ணிக்குப் போனோம். அப்பா பணி ஓய்வு பெற்றிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் சின்ன மகனைத் தோளில் வைத்தபடி, முழங்கால் தண்ணீரில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூத்தவள் என் கையைப் பிடித்து, நீ கடலைப் படிக்கத்தானே போக இருந்தாய், ஏன் போகவில்லை என்று கேட்டாள். அப்பா இரண்டடி தூரத்தில் இருப்பது தெரிந்தேதான் சொன்னேன், உன் தாத்தாதான் விடவில்லை என்று.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து பேத்தியிடம் சொன்னார்.

"ஆமா சாமி. நான்தான் உடலை."

அந்த இடத்திலேயே நான் இல்லையென்று சொல்லியிருக்க வேண்டும். அலைச் சத்தத்தில் கேட்காததுபோல் நின்றேன். அவர் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார், நானும் மாதம் ஒருமுறை சேலத்துக்குப் போய்வந்தேன். சொல்லவில்லை. என் பிள்ளைகள் இன்றைக்கும் தாத்தாவைத்தான் குறை சொல்கிறார்கள்.