செவலையின் கடைசிக் கரு

எங்கள் தீவில், ஆயர் ஈத்தாம் மலையடியில் மாடு வைத்திருக்கும் ருக்குமணி அக்காவை ஜார்ஜ்டவுனில் அவரிடம் பால் வாங்குகிற வீடுகளுக்கெல்லாம் நன்றாகத் தெரியும். வயது ஐம்பத்து நான்கு. புருஷன் போய்ப் பத்து வருடம். தானே கறந்து, மோட்டார் சைக்கிளில் தானே கொண்டுபோய் ஊற்றுவார். அளவில் குறை வைக்கமாட்டார். பேச்சிலும் யாருக்கும் குறை வைக்கமாட்டார். பக்கத்துக் கொட்டகையில் ஆடு வளர்க்கிறவன் நான். தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறவன்.

அவரிடம் செவலை என்று ஒரு பசு இருந்தது. நாளைக்குப் பதினாறு லிட்டர் கறந்தது. இந்த ஊர் வெக்கையில் அது லேசுப்பட்ட விஷயம் இல்லை. ஆனால் ஈன்ற நான்கும் காளைக்கன்று. வம்சம் நிற்க வேண்டுமே என்று அக்கா ஒரு மருத்துவரைப் பிடித்து, செவலையின் கருக்களை எடுத்து உறையவைக்கச் சொன்னார். இரண்டுதான் தேறின. ஈர்க்குச்சி மாதிரிக் குழாய்களில் அடைத்து, மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியில் நைட்ரஜன் தொட்டிக்குள் போட்டார்கள். ஐஸ் போட்டு வைக்க அதென்ன மீனா என்று நான் கேட்டேன். இரண்டு நாள் அக்கா என் முகத்தில் விழிக்கவில்லை.

பிறகு செவலை வயிறு உப்பி ஒரே நாளில் செத்தது. போன வருடம் கறுப்பி என்கிற பசுவுக்கு ஒரு கருவை வைத்தார்கள், தங்கவில்லை. மிச்சம் ஒன்றே ஒன்று. அதுவும் போனால் செவலை அடியோடு போனதுதான்.

இந்த வருடம் கறுப்பி பருவத்துக்கு வந்து காளைக்குக் கத்தியது ஒரு வெள்ளிக்கிழமை காலை. அதிலிருந்து ஏழாம் நாள் கருவை வைக்க வேண்டும். அக்கா விரல்விட்டு எண்ணி வியாழக்கிழமை வரச் சொன்னார். அக்கரையிலிருக்கும் கெப்பாலா பத்தாஸிலிருந்து புது மருத்துவர் கோகுலன் தொட்டியோடு வந்தார். கறுப்பியைக் கட்டியாயிற்று, வெந்நீரும் தயார். தொட்டி மூடியில் கை வைத்தவர், எதற்கும் ஒருதரம் மாடு கத்திய நாளைக் கேட்டார்.

“வெள்ளிக்கிழமை.”

“அப்போ இன்னிக்கு ஆறுதானேக்கா?”

“என்னா தம்பி, வெள்ளி ஒண்ணு, சனி ரெண்டு, வியாழன் ஏழு.”

“கத்துன நாளு பூஜ்யம்க்கா. மறுநாள்தான் ஒண்ணு.”

“பூஜ்யத்துலேர்ந்து எவன்லா நாள் எண்ணுவான்?”

நானும் அக்கா பக்கம்தான். பிள்ளை பிறந்தாலும் ஆள் செத்தாலும் நமக்கு அன்றைக்கே ஒன்று. கோகுலன் சிரித்துக்கொண்டே மூடியை இறுக்கினார். அக்கா சிரிக்கவில்லை. பால் கறக்கும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“போன வருசமும் நான்தான் எண்ணிச் சொன்னேன், தம்பி.”

ஒரு நாள் முன்னே வைத்தும் தங்கியதுண்டு, அதனால்தான் போனது என்று சொல்ல முடியாது என்றார் கோகுலன். ஆனால் கடைசிக் கருவை வைத்து அவர் சூதாடத் தயாரில்லை. நாளை வருகிறேன் என்றார். ஒரு நாளில் கெட்டுப்போகாதா என்று அக்கா கேட்டார்.

“தொட்டிக்குள்ள இருக்கிற வரைக்கும் அதுக்கு நாளும் கிடையாது, கிழமையும் கிடையாதுக்கா.”

மறுநாள் தீவுக்கு வரும் பாலத்தில் லோரி கவிழ்ந்து ஒரே ஜேம். கோகுலன் காரை அக்கரையில் பட்டர்வொர்த்தில் விட்டுவிட்டு, தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஃபெரி ஏறிவிட்டார். ஃபெரி வந்து நிற்கும் ஜெட்டிக்கு அக்கா என்னை மோட்டார் சைக்கிளில் விரட்டினார். அங்கே காவலாளி, உள்ளே என்ன என்று கேட்க, கன்றுக்குட்டி என்று கோகுலன் சொல்ல, அந்த ஆள் தொட்டியையும் இவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டி சாயக்கூடாதாம். கோகுலன் என் பின்னால் அதைப் பிள்ளை மாதிரி கட்டிப்பிடித்து உட்கார, ஒவ்வொரு குழிக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு ஓட்டினேன். ஆட்டுக்குக்கூட நான் அப்படி ஓட்டியதில்லை.

கொட்டகையில் நான் கறுப்பியின் வாலைப் பிடித்தேன். தொட்டியைத் திறந்ததும் வெள்ளைப் புகை வழிந்தது. குழாயை எடுத்து, காற்றில் சில நொடி பிடித்து, வெதுவெதுப்பான நீரில் விட்டு, துடைத்து, நீளமான ஊசிக்குழலில் ஏற்றி உள்ளே வைத்தார். பத்து நிமிடம் ஆகவில்லை.

கறுப்பி மறுபடி கத்தவில்லை. முதல் சோதனையில் சினை பிடித்திருப்பது தெரிந்தது. அறுபது நாள் தாண்டியதும் கோகுலன் ஸ்கேன் பெட்டியோடு வந்தார். சாம்பல் திரையில் ஒரு பொட்டு படபடவென்று அடித்தது. அதுதான் இதயம் என்றார். கருவியை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்கா தலையும் என் தலையும் அந்தக் குட்டித் திரையில் முட்டிக்கொண்டன.

“கிடேரிதான்க்கா.”

அக்கா எழுந்தார். கையைக் கழுவினார். ஃபோனை எடுத்து, சாயங்காலப் பால் வாங்குகிற வீடு ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தார். பதினெட்டு வீடு. எல்லாருக்கும் ஒரே பேச்சு.

“பால் இன்னிக்கு லேட்டாத்தான் வரும். கோவிச்சுக்காதீங்க. செவலைக்குப் பொட்டப்புள்ள வரப்போவுது.”

செவலை யார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து சொன்னார். பால் கேனை நான்தான் கொண்டுபோனேன்.