ஊறப்போட்ட காகிதம்

மங்கம்மா சூளகிரிச் சென்றாயனுக்கு மூணாவது பெண். கட்டிக்கொண்டது சொந்த அத்தை மகன் கங்கப்பனை. பாவாடை கட்டின நாளிலிருந்து ‘மாமா’ என்றே கூப்பிட்டுப் பழகியவள். அவன் பேரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ஓசூர்க் கம்பெனியில் மெஷினில் நசுங்கி அவன் செத்த பிறகும் சொல்லவில்லை.

அன்றைக்கு அவனுக்கு வேலையே கிடையாது, தானாக உள்ளே வந்தான் என்று கம்பெனி கைவிரித்துவிட்டது. ஓவர்டைம் என்று ஆள் வந்து கூப்பிட்டுப் போனதை மங்கம்மாவே பார்த்தாள். அவள் சொல்லை யார் எடுப்பார்கள்?

“ஓவர்டைம் சீட்டுல கைநாட்டு வச்சிருப்பான்மா. அது ஒண்ணு சிக்கினா கேஸ் நம்ம பக்கம்” என்றார் யூனியன் அழகர்சாமி. நாலு வருஷமாகச் சிக்கவில்லை.

தொண்ணூற்று மூணு மே மாசம் கம்பெனிக்காரர்கள் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் போட்டார்கள். மங்கம்மாவுக்கு அங்கே ஆயா வேலை. முகாம் நடத்திய சௌந்தரராஜன் சார் புதுத்தாள் ஒன்றுகூட வாங்கக்கூடாது என்றுவிட்டார். மரம் வெட்டுவது குறையணுமாம். கம்பெனி குடோனில் கிடந்த பழைய தாள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. வெற்றுப் பக்கத்தில் பிள்ளைகள் படம் வரையும். எழுதின பக்கத்தில் கலர்த்தாள் வெட்டி ஒட்டும். இரண்டு பக்கமும் தீர்ந்ததை மங்கம்மா கிழித்துத் தொட்டியில் ஊறப்போட்டு, இடித்துக் கூழாக்கணும். அந்தக் கூழில் மறுபடியும் தாள் செய்வார்கள்.

அந்த ஓவர்டைம் சீட்டும் இந்த மூட்டையில் கிடக்கலாமே என்று அவளுக்குப் பட்டது. எழுத்து தெரியாது. ஆனால் அவன் இடது கட்டைவிரல் தெரியும். கேழ்வரகு அறுக்கையில் அரிவாள் பட்டு ரேகை குறுக்கே பிளந்த விரல். கைக்கு வந்த தாளையெல்லாம் புரட்டினாள்.

ஆறாங்கிளாஸ் ருக்மணி பக்கத்தில் வந்து குந்தினாள். “என்ன ஆயா தேடுற? பேரைச் சொல்லு, நான் படிச்சிப் பாக்கறேன்.”

“பேரெல்லாம் எதுக்குக் கண்ணு? குறுக்க வெட்டு விழுந்த கைநாட்டு. கண்டா குடு.”

“ஓ, வூட்டுக்காரர் பேரா? சொல்ல வெக்கமா?”

“போடி வாயாடி” என்று மங்கம்மாவும் சிரித்துவிட்டாள்.

அஞ்சாம் நாள், கிழித்து ஊறப்போட்டிருந்த தாளில் ஒட்டியிருந்த மஞ்சள் சூரியன் ஒன்று பசை விட்டு மிதந்தது. அதன் அடியில் ஊதா மசியில் ஒரு கைநாட்டு. குறுக்கே வெட்டு. இரண்டு கையாலும் அள்ளினாள். அந்தத் துண்டுதான் வந்தது. மீதியெல்லாம் விரலிடுக்கில் வழிந்தது.

ருக்மணி எட்டிப் பார்த்தாள். “இது என் சூரியன் ஆயா! ஒட்டறப்போ படிச்சேனே. கங்கப்பன்னு பேரு, தேதி, மணி எல்லாம் போட்டிருந்துச்சு. ரேகை அழுக்கா இருந்ததுன்னு அதுமேல ஒட்டினேன், வெட்டைக் கவனிக்கல. இதையா தேடின?”

மங்கம்மா துண்டை முந்தானையில் ஒற்றி எடுத்துக்கொண்டு யூனியன் ஆபீசுக்கு ஓடினாள்.

அழகர்சாமி துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “தேதி இல்லியேம்மா. வெறும் ரேகைய வச்சி என்ன பண்ண?” ருக்மணியைச் சாட்சிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கப் போனார்கள். அவள் அப்பனுக்கும் அதே கம்பெனிதான். “சின்னப் பொண்ணுங்க. எங்க சோத்துல மண்ணப் போடாதீங்க” என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

முகாமின் கடைசி நாள், அந்தக் கூழில் செய்த தாளில் ‘மரம் காப்போம்’ என்று எழுதி மேனேஜர் கையில் கொடுத்தார்கள். காயவைத்து அடுக்கிக் கொடுத்தது மங்கம்மாதான். ஒவ்வொரு தாளையும் வெயிலில் தூக்கிப் பார்த்தாள். எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

கோர்ட்டில் வழக்கம்போலப் புருஷன் பேரைக் கேட்டார்கள். எப்போதும் அழகர்சாமிதான் சொல்லுவார். அவர் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள், “கங்கப்பன்.” கேஸ் அன்றைக்கே தள்ளுபடி.